440 குடும்பங்களும் ஒரு ஃபில்டரும்: சர்வே தரவை டாஷ்போர்டாக்கும்போது

திருகோணமலை மாவட்டத்தில் பிரதேச செயலாளர் பிரிவுகள் 11. பிரிவுக்கு 40 குடும்பம் என்று ஒரு குடிநீர் சர்வே செய்தால் கையில் 440 பதில்கள் இருக்கும். மாவட்டம் முழுவதற்குமாக ஒரு சதவீதம் கேட்டால் அது நல்ல எண்ணிக்கைதான். 95 சதவீத நம்பிக்கை மட்டத்தில் பிழை எல்லை ஏறத்தாழ ±4.7 புள்ளிகள். இதே பதில்களை, வரைபுகளைத் திரையில் காட்டும் டாஷ்போர்டில் ஏற்றி, பார்ப்பவர் கையில் ஃபில்டரைக் கொடுத்ததும் நிலைமை மாறுகிறது. வெருகல் பிரிவைத் தெரிவு செய்தால் 40 பேர், ±15.5. அதில் பெண்களை மட்டும் எடுத்தால் 20 பேர் அளவில், ±22. அதற்கு மேல் ஒரு வயதுக் குழுவையும் தட்டினால் மிஞ்சுவது ஐந்து பேர். ஒருவருடைய பதில் மாறினாலே வரைபின் சலாகை 20 புள்ளி துள்ளும். ஆனால் திரையில் அந்தச் சலாகை, 440 பேருடைய சலாகையைப் போலவே அதே நிறத்தில், அதே தடிப்பில் நிற்கும். கூட்டத்தில் அதைக் காட்டி ஒருவர் பேசத் தொடங்கினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இதைக் கையால் சரிபார்க்க எளிய வழி உண்டு: 98ஐ மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். எழுமாற்று மாதிரிக்கு, விடை 50 சதவீதத்தை அண்டியிருக்கும்போது வருகிற உச்சப் பிழை அது.

ஆகவே என் கட்சி இதுதான். பதில்களை அப்படியே டாஷ்போர்டில் ஏற்றக்கூடாது. அவற்றிலிருந்து ஒரு முடிவு அட்டவணையைச் செய்து, அதை மட்டும் ஏற்ற வேண்டும். எந்தக் கேள்வி, எந்தக் குழு, எத்தனை பேரிடம் கேட்டது, சதவீதம், அதன் கீழெல்லை, மேலெல்லை என்று ஆறு நிரல்கள். கணக்கு முழுவதும் அந்த அட்டவணைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். டாஷ்போர்டுக்குக் காட்டுகிற வேலை மட்டும். இப்படிச் செய்தால் பார்ப்பவர் நினைத்தபடி எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிப் பார்க்க முடியாது. முடியாமல் இருப்பதே நல்லது, 440 பதில்கள் அந்த வெட்டுகளைத் தாங்காது.

பதிவிறக்கும்போதே பாதி வேலை

தரவு, சர்வே படிவங்களை நிரப்பிச் சேர்க்கும் கோபோடூல்பொக்ஸ் (சுருக்கமாகக் கோபோ) தளத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவிறக்கப் பக்கத்தில் மூன்று தெரிவுகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, லேபல்களாக (திரையில் தெரியும் சொற்களாக) எடுக்காமல் எக்ஸ்எம்எல் மதிப்புகளாகவும் தலைப்புகளாகவும் (உட்பெயர்களாக) எடுப்பது. லேபலாக எடுத்தால், படிவத்தில் யாராவது "குழாய்க் கிணறு" என்பதில் ஓர் இடைவெளியை நீக்கினாலே அடுத்த பதிவிறக்கத்தில் தலைப்பு மாறிவிடும். அதை நம்பியிருந்த வரைபுகள் எல்லாம் உடையும். தமிழ், சிங்கள, ஆங்கில லேபல்கள் எக்செலில் எழுதிய எக்ஸ்எல்எஸ் படிவத்தின் சொய்ஸஸ் (விடைத் தெரிவுகள்) தாளில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தத் தாளையே ஓர் அகராதி அட்டவணையாக வைத்துக் கடைசியில் இணைத்தால், மூன்று மொழியிலும் ஒரே டாஷ்போர்ட் வரும்.

இரண்டாவது, ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தெரிவு செய்யும் கேள்விகளைத் தனித்தனி நிரல்களாக எடுப்பது. "குடிநீர் எங்கிருந்து?" என்ற கேள்விக்குக் கிணறு, குழாய்க் கிணறு, குழாய் நீர், பவுசர் (தண்ணீர்த் தாங்கி லொறி), போத்தல் நீர் என்று ஐந்து நிரல்கள் வரும், தெரிவு செய்திருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மூன்றாவது, எல்லாப் படிவப் பதிப்புகளின் கேள்விகளையும் சேர்ப்பது. சர்வே நடுவில் ஒரு கேள்வியின் உட்பெயரை மாற்றியிருந்தால் அது இரண்டு நிரல்களாக வரும். பழையதையும் புதியதையும் நீங்களே ஒன்றாக்க வேண்டும். இந்தத் தெரிவை விட்டுவிட்டால் பழைய நிரல் வராது, எண்ணிக்கை குறைந்ததும் தெரியாது.

குடும்ப உறுப்பினர் பட்டியல் போல மீண்டும் மீண்டும் நிரப்பும் பகுதி இருந்தால், அது எக்செல் கோப்பில் வேறு தாளாக வரும். அதன் "பேரன்ட் இன்டெக்ஸ்" நிரலையும் முதன்மைத் தாளின் "இன்டெக்ஸ்" நிரலையும் வைத்து இணைக்க வேண்டும். அப்படி இணைத்த பிறகு குடும்பங்களை எண்ணினால் ஐந்து பேர் உள்ள குடும்பம் ஐந்து தடவை எண்ணப்படும். குடும்பத்துக்கான கேள்வி ஒரு தாளில், ஆட்களுக்கான கேள்வி வேறு தாளில் என்று கடைசிவரை பிரித்தே வைத்திருங்கள்.

நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சமர்ப்பித்த நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். நள்ளிரவு தாண்டி அனுப்பிய படிவங்கள் முந்தைய நாள் கணக்கில் விழும். நாளாந்த முன்னேற்றம் காட்டுவதற்குப் படிவம் தொடங்கிய நேரத்தை எடுப்பதே சரி.

சிஎஸ்வியாக எடுத்தால், கோபோ நிரல்களை அரைப்புள்ளியால் பிரிக்கிறது. அந்தக் கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கால் திறந்தால் தமிழ் எழுத்து குழம்பிப்போகலாம். டேட்டா பக்கத்தில் "ஃப்ரொம் டெக்ஸ்ட்" வழியாக எடுத்து, 65001 யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு, பிரிப்பான் அரைப்புள்ளி என்று சொல்லி இறக்குங்கள். வயதுக் குழுவை "5-9" என்று எழுதியிருந்தால் எக்செல் அதைத் திகதியாக்கிவிடும். "5 முதல் 9" என்று எழுதினால் தப்பலாம்.

ஊர்ப் பெயரை வைத்து இணைக்காதீர்கள்

பிரிவுவாரியான எந்த வேலையும் வரைபடக் கோப்போடும் சனத்தொகைப் பட்டியலோடும் இணைய வேண்டும். அங்கேதான் அதிக நேரம் வீணாகிறது. ஒரே பிரிவை ஒரு பட்டியலில் மொரவெவ என்றும் இன்னொன்றில் முதலிக்குளம் என்றும் எழுதியிருப்பார்கள். வெருகல் ஓரிடத்தில், ஈச்சிலம்பற்று வேறோரிடத்தில். இவை கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசங்கள், திருத்திவிடலாம். தெரியாதவைதான் ஆபத்து.

"தோப்பூர்" என்பதில் உள்ள "தோ", கணினிக்குள் இரண்டு விதமாக இருக்கக்கூடும்: ஓகாரக் குறி ஒரே குறியீடாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். இணைக்கும்போது பொருந்தாது. யூனிகோட் ஒழுங்காக்கலில் என்எஃப்சி என்ற வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினால் இது தீரும். பதவி ஸ்ரீபுர பிரிவுக்கு அந்த மருந்தும் வேலை செய்யாது. "ஸ்ரீ" என்பதை வெவ்வேறு மெய்யெழுத்துக் குறியீடுகளில் தொடங்கி எழுதலாம். யூனிகோட் அவற்றை வேறு எழுத்துகளாகவே கருதுகிறது. அதைக் கையால் ஒன்றாக்க வேண்டும். இன்னும் பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. எழுத்துருவை மாற்றியதும் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடப்பது போலத் தெரியும். அவற்றை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகே தொட வேண்டும்.

இத்தனைக்கும் நிரந்தரத் தீர்வு குறியீட்டு எண். ஐ.நா. மனிதாபிமான அலுவலகத்தின் எச்டிஎக்ஸ் தளத்தில் இலங்கையின் நிர்வாக எல்லைக் கோப்புகள் கிடைக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு பிரிவுக்கும் பி-கோட் என்ற இடக் குறியீடு உண்டு; திருகோணமலை மாவட்டத்துக்குரியவை எல்கே53 என்று தொடங்கும். படிவத்தில் பிரிவுத் தெரிவுகளின் உட்பெயராக இந்தக் குறியீட்டையே முதலிலிருந்து வைத்துவிட்டால், மேலே சொன்ன தலையிடி எதுவும் வராது. ஊரின் பெயர் லேபலில் மட்டும் இருக்கட்டும்.

பகுதியெண் எது?

டாஷ்போர்டுகளில் நான் பார்க்கிற பிழைகளில் பெரும்பாலானவை பகுதியெண்ணில்தான். உதாரணத்துக்கு, "கிணறு உண்டா?" என்பதற்கு ஆம் என்றவர்களிடம் மட்டும் "ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் உப்பாகிறதா?" என்று கேட்டிருப்பீர்கள். 440 பேரில் 260 பேரிடம் அந்தக் கேள்வி போயிருக்கும். 130 பேர் ஆம் என்றிருப்பார்கள். கிணறு உள்ளவர்களில் 50 சதவீதம். எல்லாக் குடும்பங்களிலும் 29.5 சதவீதம். இரண்டும் சரியான எண்கள், ஆனால் வேறு வேறு கேள்விக்கான விடைகள். எதைக் காட்டுகிறீர்கள் என்பதை வரைபின் தலைப்பே சொல்ல வேண்டும், அடிக்குறிப்பில் ஒளித்து வைக்கக்கூடாது.

தரவில் இதைச் சரியாக வைத்திருப்பதற்கு ஒரே விதி: கேட்காத இடம் வெறுமையாக இருக்க வேண்டும், கேட்டு இல்லையென்ற இடம் 0 ஆக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அந்த 1-0 நிரலின் சராசரியே கேட்கப்பட்டவர்களுக்கான சதவீதம். எக்செலும், டாஷ்போர்ட் செய்யும் கருவிகளான பவர் பிஐயும் லுக்கர் ஸ்டூடியோவும் வெறுமையைத் தாமே விட்டுவிடும். யாராவது "தாள் அழகாக இருக்கட்டும்" என்று வெற்றுக் கட்டங்களை எல்லாம் 0 ஆல் நிரப்பினால் எல்லாம் முடிந்தது. 50 சதவீதம் 29.5 ஆகும், ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. இதேபோல 98 (தெரியாது), 99 (சொல்ல விரும்பவில்லை) என்ற குறிகளை எண் நிரல்களிலிருந்து முதலில் நீக்குங்கள். "வீட்டிலிருந்து தண்ணீர் எடுக்கும் இடம் எத்தனை நிமிடம்?" என்பதன் சராசரியில் 99 நிமிடங்கள் நுழைந்துவிடும், அது நம்பக்கூடிய எண்ணாக வேறு தெரியும்.

பல தெரிவுக் கேள்வியின் சதவீதங்களைக் கூட்டினால் 100ஐத் தாண்டும். அதற்கு வட்ட வரைபு போடுவது தவறு, மென்பொருள் தடுக்காது என்றாலும். கிடைச் சலாகை வரைபே போதும், பெரிதிலிருந்து சிறிதாக.

இனி எடை. பிரிவுக்கு 40 என்று சமமாக எடுத்தது பிரிவுகளை ஒப்பிட நல்லது. மாவட்டச் சராசரிக்கு ஆகாது. பட்டினமும் சூழலும் பிரிவில் இருப்போர் தொகை பதவி ஸ்ரீபுரவின் தொகையைவிடப் பன்மடங்கு. கற்பனை எண்களில் பார்ப்போம். ஒரு பிரிவில் 24,000 குடும்பங்கள், மற்றதில் 4,000. இரண்டிலும் 40 பேர். முதலாவதில் 30 சதவீதமும் இரண்டாவதில் 70 சதவீதமும் பவுசரை நம்பியிருக்கிறார்கள். எடை இல்லாமல் சராசரி 50. முதல் பிரிவின் ஒவ்வொரு பதிலுக்கும் 600, இரண்டாவதற்கு 100 என்று எடை கொடுத்தால் 35.7. பதினான்கு புள்ளி வித்தியாசம், பவுசர் எத்தனை அனுப்புவது என்பதையே மாற்றிவிடும். எடை என்பது பிரிவிலுள்ள குடும்பங்களை அங்கு கேட்ட குடும்பங்களால் வகுத்த எண்தான். குடும்பத் தொகைகள் கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) புள்ளிவிபரக் கையேட்டில் இருக்கும். ஒரு நிரலாகச் சேர்த்துவிட்டு, "ஆம் என்றோரின் எடைக் கூட்டல்" வகுத்தல் "கேட்கப்பட்டோரின் எடைக் கூட்டல்" என்று கணக்கிடுங்கள். கீழே மனித எண்ணிக்கையைக் காட்டும்போது எடையிட்ட எண்ணைக் காட்டாதீர்கள். "28,000 பேரிடம் கேட்டோம்" என்று படித்துவிடுவார்கள்.

ஒரு கிராம சேவையாளர் பிரிவில் பத்துப் பத்து வீடுகளாக எடுத்திருந்தால், அயலவர்களின் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒரே நீர்க்குழாய், ஒரே கிணற்று நீரடுக்கு. இதனால் பிழை பெருகும். அந்தப் பெருக்கத்தை அளக்கும் வடிவமைப்பு விளைவை 1.5 என்று எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ±4.7 என்பது ±5.7 ஆகும். ஆர் மொழியில் சர்வே என்ற பெயரிலேயே ஒரு தொகுப்பு இருக்கிறது. கொத்து (கிராம சேவையாளர் பிரிவு) எது, படை (பிரதேச செயலாளர் பிரிவு) எது, எடை எது என்று ஒரு தடவை அறிவித்துவிட்டால், பிரிவுவாரியாகச் சதவீதமும் எல்லைகளும் அதுவே தரும். எக்செலில் செய்கிறவர்கள் எல்லைகளைக் கணக்கிட வில்சன் முறையைப் பயன்படுத்துங்கள். பாடப்புத்தகச் சூத்திரம் 40 பேரில் ஒருவரும் ஆம் சொல்லாதபோது "0, பிழை 0" என்று சொல்லும். வில்சன் 0 முதல் 8.8 வரை என்கிறது, அதுதான் நியாயம்.

அட்டவணையும் கருவியும்

25 குறிகாட்டிகள், வெட்டுகள் 18 (மாவட்டம் 1, பிரிவு 11, பால் 2, வயது 4) என்றால் முடிவு அட்டவணை 450 நிரைகள். ஒரு கூகுள் ஷீட்டில் அடங்கும். இதை நீட்டு வடிவத்தில் வையுங்கள்: குறிகாட்டிக்கு ஒரு நிரல் என்று அகலமாக விரிக்காமல், குறிகாட்டியின் பெயரே ஒரு நிரலில் மதிப்பாக இருக்கட்டும். அப்போது ஒரே வரைபும் ஒரு தெரிவுப் பெட்டியும் 25 கேள்விகளுக்கும் போதும். அகலமாக இருப்பதை நீட்ட, எக்செலிலும் பவர் பிஐயிலும் உள்ள பவர் குவெரியில் அடையாள நிரல்களைத் தெரிவு செய்து "அன்பிவட் அதர் கொலம்ஸ்" என்று கொடுங்கள். பின்னால் புதிய நிரல்கள் வந்தாலும் அவையும் தாமாக நீளும்.

வரிசை ஒழுங்குக்குத் தனியாக ஓர் எண் நிரல் சேருங்கள். இல்லையென்றால் "ஒருபோதும் இல்லை, சிலவேளை, அடிக்கடி, எப்போதும்" என்பவை அகரவரிசையில் நிற்கும். பவர் பிஐயில் "சோர்ட் பை கொலம்" அதற்கானது.

எந்தக் கருவி? இலவசமாக, உலாவியில், எந்தக் கணினியிலும் என்றால் லுக்கர் ஸ்டூடியோ. பவர் பிஐ டெஸ்க்டொப் இலவசம், ஆனால் விண்டோஸில் மட்டும். தரவைச் சுத்தமாக்க அதன் பவர் குவெரிக்கு இணையானது குறைவு. பதில்களையே ஏற்றி, அவற்றையும் நீட்டிய அட்டவணையையும் அதில் இணைத்தால், ஃபில்டர் இயல்பாகக் குடும்பத்துக்கு ஒரு நிரை உள்ள அட்டவணையிலிருந்து பல நிரைகள் உள்ள அட்டவணைக்கு மட்டுமே பாயும் என்பதை நினைவில் வையுங்கள். தண்ணீர் மூலத்தைத் தட்டியும் குடும்ப எண்ணிக்கை அசையவில்லை என்று பலர் முழிப்பது இதனால்தான். ஆர், பைதன் போன்ற கணினி மொழியில் எழுதத் தெரிந்தவர்களுக்கு என் பரிந்துரை குவார்டோ என்ற அறிக்கை செய்யும் கருவி, 1.4ஆம் பதிப்பிலிருந்து டாஷ்போர்ட் வடிவம் அதில் இருக்கிறது. வரைபுகள், எழுத்துரு எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாக எடுக்கலாம். வட்ஸ்அப்பில் அனுப்பினால் இணையம் இல்லாத அலுவலகத்திலும் திறக்கும், கோமரங்கடவலவில் சிக்னலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எப்படியும் பெரும்பாலோர் கைத்தொலைபேசியில்தான் பார்ப்பார்கள். லுக்கரில் பக்க அகலத்தை 400 பிக்சல் அளவுக்குச் சுருக்கி, வரைபுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குங்கள். முதல் திரையில் ஒரு தெரிவுப் பெட்டி, ஒரு எண், ஒரு சலாகை வரைபு. ஒவ்வொரு சலாகைக்கும் பிழைக்கோடு. பெயருக்குப் பக்கத்திலேயே "கேட்டது 40" என்று. சுட்டியை வைத்தால்தான் தெரியும் என்றால் தொலைபேசியில் அது இல்லாததற்குச் சமம்.

வரைபடம் கேட்காத அதிகாரி இல்லை. நிறமிட்ட வரைபடத்தில் மொரவெவவும் கோமரங்கடவலவும் காடும் குளமுமாகப் பரந்து தெரியும். ஆட்கள் நெருக்கமாக வாழும் பட்டினமும் கிண்ணியாவும் ஓரத்தில் ஒடுங்கிவிடும். கண் பரப்பைப் பார்க்கிறது, ஆட்களைப் பார்ப்பதில்லை. எனவே வரைபடத்தைச் சிறிதாக, இடம் காட்ட மட்டும் வையுங்கள். பவர் பிஐயின் ஷேப் மேப்புக்கு டோபோஜேசன் என்ற வடிவில் எல்லைக் கோப்பு வேண்டும். மேப்ஷேப்பர் தளத்தில் எல்லைக் கோப்பைப் போட்டுக் கோடுகளைச் சுருக்கி மாற்றலாம். அப்படியே விட்டால் கொட்டியார்குடாவின் கரையோர வளைவுகளே கோப்பைப் பெருப்பித்துவிடும். புள்ளிகளாகக் காட்டுவதானால் அகலக்கோடு முதலில்: திருகோணமலை நகரம் 8.57, 81.23. மாற்றிப் போட்டால் புள்ளிகள் ஆர்ட்டிக் கடலில் மிதக்கும். நிறங்களில் பச்சை, நீலம், சிவப்பு என்று பிரித்தால் கட்சிக்கொடி நினைவு வரும். ஒரே நிறத்தின் அடர்த்தி வேறுபாடு போதும்.

தமிழ் எழுத்து பற்றி ஒரு வார்த்தை. பைதனின் மேட்பிளொட்லிப்பில் வரைந்த படங்களில் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். எழுத்துகளைக் கோக்கும் வேலையை அதன் பல பதிப்புகள் தானாகச் செய்வதில்லை. ப்ளொட்லி போல உலாவிக்குள் வரையும் கருவிகளில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆரில் என்றால் ராக் தொகுப்பு சரியாக வரையும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு மூன்றுக்கும் பொருந்தும்.

வெளியே தெரியக்கூடாதவை

பவர் பிஐயில் "பப்ளிஷ் டு வெப்" கொடுத்தால், வரைபில் காட்டாத அடிப்படைத் தரவையும் பார்ப்பவர் எட்ட முடியும் என்று மைக்ரோசொஃப்ட்டே எச்சரிக்கிறது. லுக்கரில் வரைபின் தரவைப் பதிவிறக்கும் வசதியை நீங்களே போய் அணைக்க வேண்டும். முடிவு அட்டவணை மட்டும் ஏற்றியிருந்தால் கசிவதற்கு ஒன்றும் இல்லை; நான் அதையே வற்புறுத்துவதற்கு இரண்டாவது காரணம் இது. கூகுள் ஷீட்டின் இம்போர்ட்டேட்டா கட்டளையால் கோபோவில் உள்நுழைய முடியாது. அது வேலை செய்ய வேண்டுமென்று சிலர் கோபோ தரவையே யாரும் பார்க்கலாம் என்று திறந்துவிடுகிறார்கள். வேண்டாம். பவர் குவெரி வழியாகவோ அப்ஸ் ஸ்கிரிப்ட் வழியாகவோ கோபோ தரும் டோக்கனை (கடவுச்சொல் போன்ற சாவியை) கொடுத்து எடுங்கள்.

நமது மாவட்டத்தில் ஊர், இனம், மதம், வயது நான்கும் சேர்ந்தால் பல இடங்களில் அது ஒரு குடும்பத்தின் பெயரைச் சொன்னது போலத்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனம், மதம், உடல்நலம் போன்றவற்றைத் தனி வகைத் தரவாக வைத்திருக்கிறது. வீட்டின் ஜிபிஎஸ் புள்ளியை நாலு தசம இடத்தில் கொடுத்தால் 11 மீற்றருக்குள் வீட்டையே காட்டும். இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் ஒரு கிலோமீற்றர் அளவு பரவும். 10 பேருக்குக் குறைவான கட்டங்களை மறைக்கும்போது ஒன்றை மட்டும் மறைத்துவிட்டு மொத்தத்தைக் காட்டாதீர்கள். கழித்துப் பார்த்தால் வந்துவிடும், இரண்டையாவது மறைக்க வேண்டும்.

வெளியிட முன் மூன்று எண்களை எழுமாற்றாகத் தெரிவு செய்து, மூலப் பதில்களிலிருந்து எக்செல் பிவட்டில் தனியாகக் கணக்கிட்டுத் திரையோடு ஒப்பிடுங்கள்: ஒன்று மாவட்ட மொத்தம், ஒன்று ஒரு பிரிவு, ஒன்று சிலரிடம் மட்டும் கேட்ட கேள்வி. எடையிட்ட எண்ணுக்குப் பிவட்டில் எடைகளின் கூட்டலை எடுக்க வேண்டும், எண்ணிக்கையை எடுக்கக்கூடாது. மூன்றாவதுதான் வழக்கமாகப் பொருந்தாது. பக்கத்தின் மேலே சர்வே எடுத்த மாதத்தையும் எழுதுங்கள். வாடையில் கிணறு நிறைந்திருக்கும்போது எடுத்த பதிலையும் வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் எடுத்த பதிலையும் ஒரே கோட்டு வரைபில் இணைத்தால், நீர்த்திட்டம் எதுவும் இல்லாமலேயே முன்னேற்றமோ வீழ்ச்சியோ தெரியும். இந்த வருட வாடையைப் போன வருட வாடையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.